பட்டான் கல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைச் செய்தவர்களுக்கு நெடுங்காலம் தலைவலியாக இருந்த சொல் 'செட்'. 1928ல் முடிந்த முதல் பதிப்பிலும் 1989ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் மிக நீளமான பதிவு அதற்குத்தான். இரண்டாம் பதிப்பில் வினைச்சொல்லாக மட்டும் 430 அர்த்தங்கள். பிறகு 'ரன்' அதை முந்திக்கொண்டது. 2011 வாக்கில் அதைத் திருத்தி முடித்தபோது 645 அர்த்தங்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் அந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். பொருள்களை இருக்கிற இடத்தில் வைத்து நிலைநிறுத்திக்கொண்டிருந்த சமூகம் இயந்திரம் வந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் 'செட்' இருந்த இடத்துக்கு 'ரன்' வந்தது என்று இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. இம்மாதிரி அழகான விளக்கங்களைச் சற்றுத் தள்ளிவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் சரி. ஒரு பாஷையின் சரித்திரம் அதன் பெரிய வார்த்தைகளில் இருப்பதைவிட இப்படிப்பட்ட சில்லறை வினைகளில் அதிகமாக இருக்கிறது. அறம், சத்தியம் போன்ற வார்த்தைகளுக்கு எப்போதும் காவல்காரர்கள் உண்டு. சில்லறை வினைகளை யாரும் கவனிப்பதில்லை. அவை தம்மிஷ்டத்துக்கு மாறிக்கொண்டே போகின்றன.

தமிழில் அந்த இடத்தில் இருக்கும் வினை 'படு'. கண்ணில் படுகிறது, கை படுகிறது, வெயில் படுகிறது. 'எனக்கு இப்படிப் படுகிறது' என்று சொல்லி அபிப்பிராயம் தெரிவிக்கிறோம். ஆசைப்படுகிறோம், கோபப்படுகிறோம், கடன்படுகிறோம். காலையில் புறப்பட்டு, நடுவழியில் அகப்பட்டு, ராத்திரி அவதிப்படுகிறோம். தண்ணீர் காணாத செடி பட்டுப்போகிறது. சில பிரயோகங்களில் இந்த வினை தன் வினைத்தன்மையையே உதறிவிட்டு வெறும் அழுத்தமாக நிற்கிறது: படுமோசம், படுபாவி, படுகிழம். இதன் பெயர்ச்சொல்லான 'பாடு' தனிக் குடித்தனம் நடத்துகிறது. வழிபாடு, குறைபாடு இரண்டும் அந்த வீட்டில் உண்டு. 'அவன் பாட்டுக்குப் போனான்' என்கிறபோது எவரைப் பற்றியும் கவலையில்லாமல் போகிற அந்த ஆளும் அங்கேதான் இருக்கிறான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924-1936) தருகிற பொருள்களை வரிசையாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். உண்டாதல், தோன்றுதல், பூத்தல் என்று ஆரம்பித்து, மொய்த்தல், பெய்தல் வழியாகப் போய், சாய்தல், அழிதல், மறைதல், சாதல் என்று அந்தப் பதிவு வந்து சேர்கிறது. பிறப்பும் இறப்பும் ஒரே வினைக்குள். இவ்வளவு பொருளிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: படுகிறவன் எதையும் செய்வதில்லை, அவனுக்கு ஏதோ நேர்கிறது. 'பாடுபடு' என்ற சொல்லில்கூட இப்படித்தான். ஒருவன் நாள் முழுக்க மண் வெட்டுகிறான். வெட்டுவது அவன்தான், சந்தேகமில்லை. ஆனால் பாஷை அவனை உழைப்பின் கர்த்தாவாகப் பார்க்க மறுத்து, பாடு அவன் மேல் வந்து விழுந்ததாகச் சொல்கிறது.

இந்த வினையின் சரித்திரத்தில் முக்கியமான இரண்டு கட்டங்களை ஒரே வட்டாரத்தில் பார்க்க முடியும். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது செங்கம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்த ஊருக்குரியது. செங்கண்மா என்று அதில் வருகிற ஊர்தான் செங்கம். அதன் தலைவன் நன்னன். நவிரம் என்று அது சொல்லும் மலையைப் பர்வதமலையோடு அடையாளம் காண்பது வழக்கம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். உ.வே.சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகு நம் கைக்கு வந்தது.

தலைப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கிற 'படு'வை யாரும் நின்று பார்ப்பதில்லை. மலையை யானையாகக் கொண்டு, அதில் எழுகிற ஓசையை யானையின் மதநீராகச் சொல்கிறது அந்தத் தொடர். மலையில் 'பட்ட' கடாம், அதாவது மலையில் பிறந்தது. அருவி, வேட்டுவர், தேன் எடுப்பவர், காயம்பட்ட விலங்கு, யானையைப் பழக்குபவர் என்று ஒலிகளின் நீண்ட அடுக்கு அந்தப் பாட்டில் வருகிறது. தமிழில் வேறெங்கும் ஒரு மலையை இப்படிக் காதால் மட்டும் பார்த்ததில்லை. இந்த ஒலிகளை யாரும் உண்டாக்கவில்லை, அவை படுகின்றன. பாட்டின் இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. அதிலும் இதே வினையின் வம்சம்தான்: ஆற்றுப்படுத்துவது, வழியில் செலுத்துவது. ஆக, இந்த வட்டாரத்தின் முதல் பெரிய இலக்கியத்தில் 'படு' என்றால் தோன்றுவது. 'படுத்து' என்றால் போக வேண்டிய வழியைக் காட்டுவது.

அந்த வழியிலேயே ஒரு செய்தி இருக்கிறது. நன்னனைத் தேடிப் போகிற கூத்தரிடம், கவர்த்துப் பிரிகிற பாதைகளில் பெயரோடு நட்ட கற்கள் மிகுதி என்று வழி சொல்பவர் எச்சரிக்கிறார். எத்தனையோ தலைமுறை கழித்து, அதே பாதைகளில், அதே வினை வேறொரு அர்த்தத்தோடு கல்லில் ஏறியது.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தில் தேடிச் சேகரித்த கல்வெட்டுகளை இரா. நாகசாமி பதிப்பித்து 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் 1972ல் வந்தது. நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டோம். அது சரித்திரக்காரர்களுடைய விஷயம் என்று விட்டுவிட்டோம். அந்தக் கற்களில் பல, பல்லவர் காலத்தவை. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளைச் சொல்கின்றன. எழுத்து வட்டெழுத்து. இதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குகையில் சமஸ்கிருதத்தில் பேசுகிறான்: செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் செய்வித்த பெருமை. செங்கம் பக்கத்துக் கற்களில் அவன் வெறும் தேதி. அவன் பெயர் எத்தனையாவது ஆண்டு என்று சொல்வதற்காக மட்டும் வருகிறது. அதற்குப் பிறகு உள்ளூர்த் தலைவனின் பெயர், அவனுடைய சேவகனோ மகனோ மருமகனோ ஆன ஓர் ஆளின் பெயர், என்ன நடந்தது என்பது, கடைசியில் 'பட்டான் கல்'. அலங்காரம் கிடையாது. உவமை கிடையாது.

நடந்தது பெரும்பாலும் மாட்டுச் சண்டை. தொறு என்பது மந்தை. தொறுவைக் கொண்டு பட்டவனுக்கும் கல் உண்டு, தொறுவை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. திருட வந்தவனுக்கும் தடுத்தவனுக்கும் ஒரே வினை, ஒரே விகுதி, ஒரே வகைக் கல். வெட்சி, கரந்தை என்று பண்டிதர்கள் இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருப்பதைப் 'பட்டான்' என்ற முற்று பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் நின்றான் என்பது முன்னால் வருகிற வினையெச்சத்தில் தீர்ந்துவிடுகிறது. பிறகு எல்லோரும் பட்டார்கள்.

இங்கே கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருந்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. 'மீட்டுப் பட்டான்' என்பதில் 'மீட்டு' என்பது செய்து என்னும் வாய்பாட்டு எச்சம். இந்த எச்சத்துக்கும் அதன் முற்றுக்கும் கர்த்தா ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். தொல்காப்பியக் காலத்திலிருந்து இது சட்டம், இன்றைக்கும் பேச்சில் பெரும்பாலும் மீறுவதில்லை. அதாவது மீட்டவனும் அவன்தான், பட்டவனும் அவன்தான். 'படு' தன் இயல்பில் செயலற்ற வினை. அதைக் கொண்டுபோய் ஒரு செயலின் பின்னால் கட்டி, செயலுக்கும் சாவுக்கும் ஒரே எழுவாயைக் கொடுத்துவிட்டார்கள். குத்தியவன் யார் என்று அந்தக் கற்கள் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. அது எதிரியை மறைப்பதற்காக அல்ல. வாக்கியம் செத்தவனைப் பற்றியது. அவன் என்ன செய்துகொண்டிருந்தபோது செத்தான் என்பதுதான் அதற்கு வேண்டியது.

2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கற்களோடு வைத்துப் பார்த்தால் இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். அவை தமிழி எழுத்தில் உள்ளவை, செங்கத்துக் கற்களைவிடப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளைச் சொல்கிறது. ஊர், ஆகோள், ஆள் பெயர், கல். அவ்வளவுதான். வினைமுற்றே கிடையாது. செத்தான் என்று அது சொல்லவில்லை; கல் நிற்பதே அதைச் சொல்லிவிடுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். செங்கத்தில் பெயர்களின் வரிசை வாக்கியமாகியிருக்கிறது. வாக்கியம் ஆவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வினை 'சாவு' அல்ல, 'இற' அல்ல, 'மாய்' அல்ல, 'படு'.

எடத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தண்டராம்பட்டுப் பக்கத்து ஊர். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளின் பொருட்டுப் பட்டான் என்கிறது கல். பக்கத்தில் ஒரு நாயின் உருவம். அந்த நாய்க்குத் தனியாக ஒரு எழுத்துப் பொறிப்பு. பெயர் கோவிவன் என்று வாசிக்கிறார்கள். இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டுக் காவலாக இருந்தது என்பது செய்தி. நாய் செத்ததா என்று கல் சொல்லவில்லை. எஜமானுக்கு 'பட்டான்', நாய்க்குக் கடித்தது, காத்தது. கடித்ததும் காத்ததும் அதற்குப் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாயின் பெயரைப் பதிமூன்று, பதினான்கு நூற்றாண்டுகளாக வைத்திருக்கிற இந்தக் கல்லை இலக்கியம் என்று சொல்லத் தயங்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதன் வாக்கியத்தைப் போல ஒரு வாக்கியம் எழுத அவர்கள் முயன்று பார்க்கலாம்.

(தண்டராம்பட்டு, மண்டகப்பட்டு என்று ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்கிற 'பட்டு' வேறு. அதையும் இதில் இழுத்துக் கட்டுவது சொல்லாராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்கு.)

'படு'வுக்கு இரண்டு இறந்தகாலம் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். பட்டான் என்றால் அது அவனுக்கு நேர்ந்தது. படுத்தான் என்றால் அவனே போய்ப் படுத்தான். நடுவில் ஒரு 'த்' மட்டும். 1896ல் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், சாவு வந்துவிட்டது என்ற திடீர் பயத்தில், ஓடிப் போகாமல் கைகால்களை நீட்டிப் பிணம்போலப் படுத்துச் சாவு என்பது என்ன என்று பார்த்தான். சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பி 1896 செப்டம்பர் 1ல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான், பிறகு திரும்பவேயில்லை. ரமணரின் பக்தர்களுக்கு இதில் எத்தனையோ இருக்கலாம். இலக்கணக்காரனுக்கு இதில் இருப்பது, 'பட்டான்' என்பதைப் 'படுத்தான்' என்பதன் வழியாகத் தெரிந்துகொள்ளப் பார்த்த ஒரு முயற்சி.

இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டிருப்பது கூத்துதான். திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணிப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பதினெட்டாம் போருக்கு மறுநாள் படுகளம். ஊருக்கு வெளியில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகச் செய்து மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். வேஷக்காரர்கள் அவன் மேல் ஏறி நின்று ஆடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். படுகளம் என்றால் படுத்திருக்கிற களமா, பட்டுப்போன களமா என்று யாரும் கேட்பதில்லை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதைக்கு நடக்கும் படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் திரும்ப எழுப்பவும் செய்கிறார்கள். லெக்சிகன் ஒரே பதிவில் அடுக்கிய பிறப்பையும் இறப்பையும் இவர்கள் ஒரே வயலில் செய்து காட்டுகிறார்கள்.

இனி மற்றொரு கட்டம். 'செய்யப்பட்டது', 'சொல்லப்பட்டது' என்ற பிரயோகம்.

செயப்பாட்டு வினை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு கட்சி உண்டு. கால்டுவெல் 1856ல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டு வினை கிடையாது என்று சொன்னது இந்தக் கட்சிக்குப் பலம். ஆனால் 'செயப்படுபொருள்' என்ற சொல்லே தொல்காப்பியத்தில் இருக்கிறது. அந்த உறுப்பு பாஷையில் இருந்தது. அதிகம் அசைக்காத உறுப்பு, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகத் தமிழ் வேறு தந்திரங்கள் வைத்திருந்தது. செய்யப்படுகிற பொருளையே செய்ததுபோலச் சொல்கிற ஒரு வழக்கைத் தொல்காப்பியர் குறிக்கிறார். உரைகாரர்கள் 'திண்ணை மெழுகிற்று' என்று உதாரணம் தருகிறார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டதுபோல. மெழுகிய பெண்பிள்ளை எங்கே என்று அப்போதும் கேட்டிருக்கலாம். 'துப்பாக்கி வெடித்தது' என்று இன்றைக்கு எழுதுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தின் நேர் வாரிசுகள்.

பேச்சுக்குப் 'படு' சேர்ந்த செயப்பாட்டு வினை இன்றுவரை தேவைப்படவில்லை. அடி வாங்கினான், உதை தின்றான், திட்டு வாங்கினான். ஆங்கிலேயனும் பேச்சில் இதற்குக் 'கெட்' என்ற வினையைத்தான் எடுத்துக்கொள்கிறான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து, எதைப் பெறுவதற்கும் உதவி, கடைசியில் அடிபெறுவதற்கும் உதவுகிற வினை. செய்தவனைச் சொல்ல இஷ்டமில்லாதபோது நம் பேச்சு என்ன செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'அடிச்சுப்புட்டாங்க', 'புடிச்சிட்டுப் போயிட்டாங்க', 'கொன்னுட்டாங்க'. யார் என்று சொல்லவில்லை. ஆனால் 'ஆங்க' என்ற விகுதி இருக்கிறது. விகுதியில் ஆட்கள் இருக்கிறார்கள், முகம் தெரியாவிட்டாலும் கைகால் உள்ள ஆட்கள். 'கொல்லப்பட்டான்' என்கிறபோது அந்த விகுதியும் பறிபோகிறது. 'ஆன்' செத்தவனுடையது. கொன்றவனுக்கு வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

இது எப்படிப் பெருகியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தரங்கம்பாடியில் 1715ல் அச்சாகி முடிந்த புதிய ஏற்பாடு முதல், மொழிபெயர்ப்பில் பிறந்த உரைநடை ஒன்று வளர்ந்து வந்தது. பிறகு கோர்ட்டு, ரெவின்யூ, பத்திரிகை. 1956ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அரசாங்கக் காகிதம் தமிழுக்கு மாறியபோது, காகிதத்தில் எழுதி வந்த ஆங்கிலத்தின் உடல்வாகும் கூடவே வந்தது. அறிவிக்கப்படுகிறது. ஆணையிடப்படுகிறது. தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆணையிடுகிறவர் ஒருவர் இருக்கிறார், கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறார். வாக்கியத்தில் மட்டும் அவர் இல்லை. இதைச் சௌகரியம் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆணை ஒரு மனிதனிடமிருந்து வருவதில்லை, மழைபோலப் படுகிறது என்ற பாவனை இதில் இருக்கிறது. 'படு'வுக்குப் பெய்தல் என்று ஒரு பொருள் இருப்பது எவ்வளவு பொருத்தம்.

திருவண்ணாமலைக்கே உரிய ஒரு சாவை இங்கே பார்க்கலாம். ஹொய்சளர்களில் பெரிய அரசர்களில் கடைசியானவரான மூன்றாம் வல்லாளர் தம் பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தார்; கோயிலில் வல்லாள கோபுரம் அவர் பெயரில் நிற்கிறது. மதுரை சுல்தானோடு செய்த போரில் 1342ஐ ஒட்டிப் பிடிபட்டார். அந்தச் சமயத்தில் மதுரைக்கு வந்த இபின் பதூதா எழுதியிருப்பதில் எந்த மறைவும் இல்லை. இன்ன சுல்தான் கிழவரைப் பிடித்தான், பணத்தையும் யானைகளையும் வாங்கிக்கொண்டான், பிறகு கொன்று தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான், அதை நான் பார்த்தேன். எல்லா வினைக்கும் கர்த்தா உண்டு, சாட்சியும் உண்டு. திருவண்ணாமலை இந்தச் சாவை வேறு விதமாக வைத்துக்கொண்டது. பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சுவாமியே பிள்ளை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேஸ்வரர் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார். இதில் கொன்றவன் இல்லை, தோல் இல்லை, மதுரையே இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு மகன் செய்ய வேண்டிய கடன் மட்டும். 'பட்டான்' என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்த வினை எருமை மேய்ப்பவனுக்கும் சேவகனுக்கும் உரியதாக இருந்தது.

மேய்ப்பவனுக்கும் சேவகனுக்கும் பிற்காலத்தில் கிடைத்த வாக்கியம் வேறு. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989ல்தான் தனி மாவட்டமானது. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டு வெடித்துப் போலீஸ்காரர்கள் செத்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் நக்சல்பாரி இயக்கத்து இளைஞர்கள் பலரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மோதல் என்றது அரசு. பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டது என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். இந்தத் தகராறு முழுவதும் ஒரு வினையெச்சத்தைப் பற்றியது. 'மோதிப் பட்டான்' என்று கல்லில் எழுதியிருந்தால் மோதியவன் அவன் என்றாகிவிடும். 'மோதலில் கொல்லப்பட்டார்' என்பதில் மோதல் ஒரு பெயர்ச்சொல். யார் மோதினார்கள் என்று அது சொல்ல வேண்டியதில்லை. கொல்ல என்பது செய என்னும் வாய்பாடு; அதற்கு வேறு கர்த்தா இருக்கலாம், இல்லாமலும் விட்டுவிடலாம். பழைய வாக்கியத்தில் ஆள் ஒரு காரியம் செய்துவிட்டுப் பட்டான். புதிய வாக்கியத்தில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டது. கொன்றவனும் இல்லை, செத்தவன் செய்துகொண்டிருந்த காரியமும் இல்லை. பத்திரிகைத் தலைப்பு இன்னும் சுருக்கம்: இத்தனை பேர் பலி. யாருக்குப் பலி, யார் கொடுத்த பலி என்று தலைப்பைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

நம் எழுத்தாளர்களில் நல்ல உரைநடைக்காரர்கள் 'பட்டது' என்று முடிகிற வாக்கியத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது முதலில் அதைத்தான் அடிப்பார்கள். காது சரியான காது. ஆனால் இதை வெறும் நடை விவகாரமாக ஆக்கிவிட்டால், அடித்த இடத்தில் என்ன போடுவது என்ற கேள்வி வரும்போது கை நழுவிவிடும். 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர். 'எரிந்து போனார்கள்' என்பது சுத்தமான தமிழ், காதுக்கு எந்த உறுத்தலும் இல்லை. 'எரிக்கப்பட்டார்கள்' என்பது காதுக்குக் கரடுமுரடு. ஆனால் தீ தானாக வரவில்லை, வைத்தவர்கள் இருந்தார்கள் என்று அந்தக் கரடுமுரடான 'படு'தான் சொல்கிறது. செய்தவனை மறைக்க உதவுகிற அதே வினை, செய்தவன் ஒருவன் உண்டு என்பதற்கும் அத்தாட்சியாக நிற்கிறது. இதைவிட நல்ல வாக்கியம் 'எரித்தார்கள்' என்பதுதான். அதை எழுதுவதற்குக் காது மட்டும் போதாது.

செங்கத்துக் கற்களை ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'கொல்லப்பட்டான்' என்று போட்டால் அவன் கையிலிருந்த வில் போய்விடுகிறது. 'இறந்தான்' என்று போட்டால் நோயில் படுத்துச் செத்தவன்போல ஆகிவிடுகிறது. 'விழுந்தான்' என்கிற ஆங்கில வழக்கு கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் விழுவதில் நம் 'படு'வில் இருக்கிற தோன்றுவதும் பூப்பதும் இல்லை. சாவைச் சொல்லும்போது பிறப்பின் வாடை அடிக்கிற வினை ஆங்கிலத்தில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து ஜனங்கள் இந்தக் கற்களை வேடியப்பன் என்கிறார்கள். பல கற்களுக்கு மஞ்சள் குங்குமம் உண்டு, பொங்கல் உண்டு, படையல் உண்டு. வட்டெழுத்துப் படிக்க அவர்களுக்குத் தெரியாது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த மந்தை என்ற விவரம் எதுவும் அவர்களிடம் இல்லை. பையன்களுக்கு வேடியப்பன் என்று பெயர் வைக்கிறார்கள்.